ஃபோர்கிரவுண்டில் வைத்த செருப்பு

புதிதாகச் செய்திப் பிரிவில் சேர்ந்திருக்கும் கேமரா தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் 'கிரியேட்டிவ் ஷாட்' பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் ஆள் தெரியாமல் கேட்டுவிட்டீர்கள். எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம், டிரோனை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே யாராவது ஒருத்தர் மணிக்கணக்காகப் பேசி வைத்திருக்கிறார். அதை நான் எழுதினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

செங்கல்பட்டில் வீடு, செங்கல்பட்டைச் சுற்றி வேலை என்று இருபத்தெட்டு வருஷம் கேமரா தூக்கினேன். இடது தோள் இன்னும் இறங்கித்தான் இருக்கிறது. சட்டை தைக்கக் கொடுத்தால் டெய்லர் இரண்டு முறை அளவெடுப்பார். அந்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு ஷாட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆபீசில் கைதட்டி, சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்த ஷாட். படித்து முடித்ததும் உங்களுக்குத் தெம்பு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த சீனியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். மெட்ராஸ்காரர், வாயைத் திறந்தால் வசவுதான் முதலில் வரும். நான் முதல் மாதம் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்.

"இன்னா நைனா இது? ஒவ்வொண்ணும் பாஸ்போர்ட் போட்டோ மாரி கீது. முன்னாடி எத்தையாவது வைடா. பூ வை, கம்பி வை, ஒண்ணும் கெடைக்கலன்னா உன் செருப்ப கழட்டி வை. ஃபோர்கிரவுண்டு இல்லாத ஷாட்டு உப்பு இல்லாத சோறு."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அதுவே மந்திரமாகிவிட்டது. காட்சியில் தூரத்தில் ஒரு ஆள் இருந்தால் லென்சுக்குப் பக்கத்தில் ஒரு பொருள் இருக்க வேண்டும். முதலில் அந்தப் பொருள் கூர்மையாகத் தெரிய வேண்டும், பிறகு அது மங்கி, பின்னால் இருக்கும் முகம் கூர்மையாக வேண்டும். ஃபோகஸ் ஷிஃப்ட். பார்க்கிறவனுக்கு நெஞ்சில் சுருக்கென்று ஏதோ தைத்த மாதிரி இருக்கும். விபத்தா, உடைந்த கண்ணாடித் துண்டிலிருந்து போலீஸ் ஜீப்புக்குப் போவேன். ஒன்றும் இல்லாத இடமா, ஒரு கிளையை ஒடித்து லென்சுக்கு முன்னால் தொங்கவிடுவேன். ஒரு நாள் டெஸ்கிலிருந்து போன் வந்தது. "அண்ணே, செங்கல்பட்டுப் பக்கம் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட்டு எல்லாத்துக்கும் முன்னாடி பூவரச மரம்தானா?" என்று எடிட்டர் பையன் கேட்டான். ஒரே கிளையை ஒரு வாரமாக வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒரு பொருளை எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பது பொய் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. யாராவது சொல்லியிருந்தாலும், போடா வேலையைப் பார் என்றிருப்போம்.

இனி அந்த நாள்.

மழைக்கு முந்தைய நாட்கள். படூர் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கும் நான்கு பையன்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் குளித்திருக்கிறார்கள். மூன்று பேர் கரைக்கு வந்துவிட்டார்கள், ஒருவன் வரவில்லை. பெயர் பார்த்திபன். நானும் ரிப்போர்ட்டரும் போய்ச் சேர்ந்தபோது பிழைத்த மூவரையும் ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுடைய பைகளையும் ஷூக்களையும் ஒரு காவலர் துண்டில் மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தார். கரையில் பத்துப் பதினைந்து பேர். கடலில் இரண்டு படகுகள் சுற்றிச் சுற்றி வந்தன.

மீனவர் ஒருவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இங்க நின்னு பிரயோஜனம் இல்ல அண்ணாத்த. தண்ணி தெக்கால இழுக்குது. சதுரங்கப்பட்டினம் பக்கம் போய்ப் பாக்கணும். அதுவும் கெடச்சா உண்டு."

அப்போதுதான் அந்த அம்மா வந்து சேர்ந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்தில், கடலை விட்டுத் தள்ளி உள்ள கிராமம். யாரோ பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள். கத்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அலை வந்து தொடும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்து கடலையே பார்த்தார். கழுத்தில் டெய்லர்களின் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. தையலில் இருந்தவர் அப்படியே எழுந்து வந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைத்தான் எழுதுகிறேன். 'ஆள் கிடைத்துவிட்டார், இனி முன்னால் ஒரு பொருள் வேண்டும்' என்றுதான் மனசு ஓடியது.

தேடவே வேண்டியிருக்கவில்லை. நான் நின்ற இடத்திலேயே, காவலர் கண்ணில் படாமல், மணலில் பாதி புதைந்து ஒரு செருப்பு கிடந்தது. ஜோடியில் ஒன்றுதான். கறுப்பு ரெக்சின் செருப்பு. கேமராவை மணலில் படுக்க வைத்து, பட்டனை அழுத்திவிட்டு, ஃபோகஸ் தேடினேன். பிடிக்கவில்லை. கறுப்புச் செருப்பு ஈர மணலில் குப்பை மாதிரித் தெரிந்தது. போதாக்குறைக்குப் பட்டை ஒரு இடத்தில் பிய்ந்து, அதை யாரோ பச்சை நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். கறுப்பில் பச்சை. அசிங்கமாக இருந்தது. ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு அந்தச் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டேன். அது அலைப் பக்கமாகப் போய் விழுந்தது.

தூரத்தில் படகுகள் ஏற்றி வைத்திருந்த இடத்தில் ஒரு நீல ரப்பர் செருப்பு கிடந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். யாருடையதோ, எப்போது தூக்கிப் போட்டதோ. போய் இரண்டு விரலால் பிடித்து எடுத்து வந்து, மணலைத் தட்டிவிட்டு வைத்தேன். பழுப்பு மணல், நீலச் செருப்பு, பின்னால் மங்கலாக ஒரு சேலை. நாலு வினாடி செருப்பு, பிறகு மெதுவாக அந்த அம்மாவின் முகம். ஒரே டேக். எழுந்தபோது எனக்கே தெரிந்தது, இது பேசப்படும் என்று.

ரிப்போர்ட்டர் திரையில் பார்த்துவிட்டு, "மச்சான், பின்னிட்ட" என்றான். அவன் அந்தச் செருப்பு யாருடையது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செய்தி ஓடியபோது அந்த நாலு வினாடிக்கு மேல் அவன் குரல், 'மாயமான மாணவனின் செருப்பு மட்டும் கரையில் காத்திருக்கிறது' என்றது. உடல் கிடைக்கவில்லை. நாலைந்து நாள் சதுரங்கப்பட்டினம் வரை தேடிவிட்டு விட்டுவிட்டார்கள். எங்கள் ஆபீசில் அந்த ஷாட்டைப் பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்டினார்கள். சான்றிதழ் வந்தது. நான் அந்த நாள் எடுத்த முழுக் காட்சியையும் என் சொந்த ஹார்ட் டிஸ்கில் பத்திரப்படுத்தினேன், பெருமைக்காக.

ஏழு வருஷம் போனது.

எனக்கு ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் வாசல். மனு கொடுக்கும் நாள். அங்கே கேமராக்காரர்கள் எதற்கு நிற்கிறோம் என்று வெளியில் சொல்லமாட்டோம், உங்களிடம் சொன்னால் என்ன. யாராவது மண்ணெண்ணெய்க் கேனைத் திறந்து தலையில் ஊற்றிக்கொள்வார்களா என்று நிற்கிறோம். நீங்களும் நிற்பீர்கள். கூட்டத்தை லென்ஸ் வழியாகத் துழாவுவோம். யார் கை பைக்குள் இருக்கிறது, யார் கண் தரையைப் பார்க்கிறது என்று.

அன்று மஞ்சள் பையோடு ஒரு பெண்மணி. கை பைக்குள்ளேயே இருந்தது. கண்கள் எங்கள் கேமராக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தன. கேன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. பட்டனை அழுத்தி ஃபோகஸ் பிடிக்கத்தான் தோன்றியது. அந்த அம்மா நேராக என்னை நோக்கி நடந்து வந்தார். லென்சுக்கு ஒரு கை தூரத்தில் நின்று பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். கையில் ஒரு போன். கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன்.

"சார், ஏழு வருசம் மின்னாடி மாமல்லபுரத்தாண்ட ஒரு பையன் கடல்ல பூட்டான்னு டிவில வந்துச்சே. அத்த எடுத்தவரு யாருன்னு தெரியுமா உனுக்கு? வாரா வாரம் வந்து கேட்டுக்கினு கீறேன், எல்லாரும் தெரியாதுன்றாங்க."

முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கழுத்தில் அளவு நாடாதான் இல்லை. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "நான்தாம்மா எடுத்தேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஷாட்டைப் பாராட்ட வந்த ஆளிடம் சொல்வது போல.

அவர் கூப்பிடு தூரத்தில் இருந்த வேப்ப மரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போனார். பெயர் கஸ்தூரி. போனில் ஒரு படம் காட்டினார். டிவி திரையைப் போட்டோ எடுத்தது. என் நீலச் செருப்பு.

"இது என் புள்ள செருப்பு இல்ல சார்."

நான் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தேன்.

"அவன்து கறுப்பு. பட்டை பிஞ்சிருந்துச்சு. வூட்ல கறுப்பு நூலு தீந்து பூடுச்சு, பக்கத்து வூட்டு ஜாக்கெட்டுக்கு வாங்கன பச்ச நூலு இருந்துச்சு, அத்தப் போட்டு நான்தான் தெச்சேன். 'இன்னாம்மா இது, பசங்க சிரிப்பானுங்க'ன்னான். 'புதுசு வாங்கற வரிக்கும் போட்டுக்கினு போடா'ன்னேன். அத்தான் போட்டுக்கினு போனான். கூட இருந்த பசங்க, செருப்ப கழட்டி மணல்ல போட்டுட்டுத்தான் எறங்கனான்னு சொல்றானுங்க. டிவில பாத்தா அங்க கெடக்கறது வேற யாரு செருப்போ. அப்ப அவன் செருப்பு எங்க சார்? கால்ல போட்டுக்கினுதான நடந்து பூட்டிருக்கணும்?"

மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னார். பையன் நாலு பாடத்தில் அரியர் வைத்திருந்தான். அதற்கு முந்தைய வாரம் அவன் அப்பா கன்னத்தில் அறைந்துவிட்டார். பையன் மூன்று நாள் பேசவில்லை. ரோஷக்காரன். அதனால் கடலில் இறங்கவில்லை, கூட்டாளிகளிடம் ஏதோ சொல்லிவிட்டு எங்கேயோ போய்விட்டான். அவ்வளவுதான். ஒரு நாள் வருவான். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களிடமும், படூரில் மாணவர்கள் தங்கும் ஒவ்வொரு விடுதியிலும் போட்டோவைக் காட்டியாகிவிட்டது.

"எனுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு சார். இந்தச் செருப்பு அங்கியே கெடந்துச்சா? இல்ல யாருனா கொணாந்து வச்சாங்களா?"

தம்பிகளா, செய்தி வேலையில் நிதானம், நிதானம் என்று பெரியவர்கள் பேசுவார்கள். அதே வாயால் ஒரு நொடியில் முடிவெடு என்பார்கள். எனக்கு அன்று ஒரு நொடி இல்லை, நல்ல ஐந்து நிமிஷம் இருந்தது. மர நிழல், யாரும் அவசரப்படுத்தவில்லை. அவ்வளவு நேரம் இருந்தும் நான் சொன்னது இதுதான்.

"அங்கேயேதாம்மா கிடந்தது."

"வேற செருப்பு எதுனா பாத்தியா? கறுப்பா?"

"இல்லம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் சார். புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்" என்றார். மனுவைக்கூடக் கொடுக்காமல் பஸ் பிடிக்க ஓடினார். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அதை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்கு நானே நல்ல நல்ல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். பாவம் அந்த அம்மா, நம்பிக்கையோடு இருக்கட்டும். ஒரு தாயிடம் போய் உன் பிள்ளை செத்துவிட்டான் என்று நான் ஏன் சொல்ல வேண்டும். எல்லாம் மேல் பூச்சு. உள்ளே இருந்தது பயம். செய்தியில் பொருளை மாற்றி வைத்தான் என்று தெரிந்தால் ஓய்வு பெறும் நேரத்தில் பெயர் நாறிப் போகும் என்ற பயம்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வீட்டில் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் கம்பெனிக்கு ஓடும் வெள்ளை கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் டிரைவர் சட்டையிலேயே இருந்தார். கஸ்தூரியின் கணவர், ஏழுமலை. எங்கள் ஆபீசில் விலாசம் கேட்டு வந்திருக்கிறார். ஓஎம்ஆரில் ஐடி கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ இன்னா சார் சொன்ன அவகிட்ட?"

நான் இட்லியைக் கீழே வைத்தேன்.

"நாலஞ்சு வருசமா கொஞ்சம் அடங்கி இருந்தா சார். மிசின்ல குந்திக்கினு தச்சிக்கினு இருந்தா. திங்கக்கெழம மட்டும் கலெக்டர் ஆபீசுக்குப் போவா, சரி பூட்டு வரட்டும்னு உட்டுட்டேன். இந்தத் தபா வந்து, 'டிவிக்காரரே சத்தியம் பண்ணிட்டாரு'ன்றா. மிசின மூடிப் போட்டுட்டா. வூட்ட உட்டு ஓடற பசங்கல்லாம் திருப்பூர்ல பனியன் கம்பெனில கீறானுங்கன்னு எவனோ சொல்லிக்கிறான். மூணு தபா தனியா போய்ட்டா சார் திருப்பூருக்கு. கம்பெனி கேட்டாண்ட போட்டோவ வச்சிக்கினு நிக்கறாளாம். போன வாரம் மயக்கம் போட்டு வியுந்துட்டா, யாரோ போன் பண்ணாங்க. போய்க் கூட்டியாந்தேன்."

வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது அவன் செருப்பு இல்லன்னு எனுக்கும் தெரியும் சார். டிவிக்காரன் எத்தையோ எட்த்துக்கிறான், அவனுக்கு இன்னா தெரியும்னு நெனச்சிக்கினேன். அவளுக்கு அப்டி நெனைக்கத் தெரில. ஏழு வருசமா ஒரே பேச்சு. 'நீ அடிச்சதாலதான் பூட்டான். நீ கை நீட்டாம இருந்திருந்தா எம் புள்ள வூட்ல இருந்திருப்பான்.' சோத்துல கை வைக்கறப்ப சொல்வா. சாமி கும்புடறப்ப சொல்வா. காரியம் பண்ணலாம்னா, 'உசுரோட இருக்கறவனுக்குக் காரியமா'ன்னு என்னாண்ட வெளக்குமாத்த எடுக்கறா. நான் இன்னா சார் பண்றது? ஒரே ஒரு அடி சார். அவனுக்கு விவரம் தெரிஞ்சி நான் அடிச்சது அது ஒண்ணுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பொய் அந்த அம்மாவுக்கு மட்டும் நம்பிக்கை கொடுக்கவில்லை. இந்த மனுஷன் தலையில் ஒரு குற்றத்தை ஏற்றி, சத்தியம் வேறு செய்து முத்திரை குத்தியிருக்கிறது. "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வர்றேன்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அவர் போன பிறகு ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். இருக்கக் கூடாது, அழிந்து போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் திறந்தேன். இருந்தது. எல்லாம் இருந்தது. சான்றிதழ் வாங்கிய ஷாட்டுக்கு முன்னால் ஆறு வினாடி. கேமரா சாய்ந்து கிடக்கிறது. மங்கலாக ஒரு கறுப்புத் திட்டு. ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடுகிறது. தேடும்போது ஒரு அரை வினாடி எல்லாம் கூர்மையாகிறது. கறுப்புப் பட்டை, பச்சை நூல், ஒவ்வொரு தையலும். பிறகு மங்கிவிடுகிறது.

மறுநாள் போனேன். சின்ன வீடு, ஓட்டு வீட்டுக்கு முன்னால் ஒரு சிமெண்ட் ஷீட் இறக்கி அதில் தையல் மிஷின். மேலே பழைய சேலை போர்த்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் கஸ்தூரி அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். ஏழுமலை நிலைப்படியில் உட்கார்ந்தார்.

வழி நெடுக எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "அம்மா, நான் பொய் சத்தியம் பண்ணிட்டேன்" என்றேன். லேப்டாப்பை மிஷின் மேல் வைத்து அந்த ஆறு வினாடியைப் போட்டு, அரை வினாடியில் நிறுத்தினேன்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். விரலால் திரையைத் தொட்டார். பச்சை நூலின் மேல், ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை விரலை நகர்த்தினார். உதடு அசைந்தது. தையலை எண்ணுகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

"என் கைதான்" என்றார். "கடசில முடிச்சு போட எடம் இல்லாம ரெண்டு தபா திருப்பிப் போட்டேன். அத்தோ கீது பாரு."

எங்கே கிடந்தது என்று கேட்டார், சொன்னேன். நீலச் செருப்பை எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். "நல்லா தெரியணும்னு வச்சேம்மா" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது. கலர் சரியில்லை என்றா சொல்ல முடியும்?

"இந்தச் செருப்பு இன்னா ஆச்சு?"

"காலால தள்ளிவிட்டேன். அலைப் பக்கம் போயிடுச்சு."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் என் காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையால எட்த்து வச்சிருந்தினா, வூட்டுக்கு ஒரு செருப்பாச்சும் வந்திருக்கும் சார். ஒண்ணுமே வரல."

சத்தமே இல்லாமல் சொன்னார். பிறகு நிலைப்படிப் பக்கம் திரும்பினார். ஏழுமலை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"யோவ்" என்று கூப்பிட்டார். "நீ அடிச்சதுக்குப் போவலய்யா அவன். குளிக்கத்தான் போயிருக்கறான்."

ஏழுமலை எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது. பெரிய உடம்புக்காரர், சத்தம் வெளியே வராமல் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். அந்த அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தார். நான் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏழு வருஷம் கழித்து அந்த வீட்டில் அன்றுதான் சாவு விழுந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். என் கண்ணிலும் தண்ணீர்தான், ஆனால் அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று துடைத்துக்கொண்டேன்.

ஆபீசுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். சான்றிதழையும் கூடவே வைத்தேன். யாரும் திட்டவில்லை. "இப்ப எதுக்குண்ணே இதெல்லாம்" என்றார்கள். அந்த ஷாட்டைப் பயிற்சி வகுப்பில் இப்போதும் காட்டுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. காட்டினால் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்குத்தான் எழுதுகிறேன். செய்தி எடுக்கும் இடத்தில் தரையில் கிடப்பது எதுவும் உங்கள் ஃபோர்கிரவுண்ட் இல்லை. அது யாருடையதோ. காலால் தொடாதீர்கள்.

அன்று நான் லேப்டாப்பை மூடப் போகும்போது கஸ்தூரி அம்மா எழுந்து வந்து, அந்த விரிசல் விட்ட போனை நீட்டினார்.

"இத்த இதுல ஏத்திக் குடு சார்."

இருபத்தெட்டு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "இது மங்கலா இருக்கேம்மா, உங்க முகம் தெரியற நல்ல ஷாட் ஒண்ணு இருக்கு, அதையும்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"அது வாணாம். இதான்."

ஏற்றிக் கொடுத்தேன். ஆறு வினாடி. சாய்ந்த ஃபிரேம், ஆடும் கேமரா, ஃபோகஸ் அரை வினாடிதான் நிற்கிறது. நான் எடுத்த ஷாட்டுகளில் ஒருவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.